யாத்விகா விழுந்த வளைவு

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று ரோமுவால்ட் முடிவெடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த முதல் முடிவு இதுதான். அதுவரைக்குமான முடிவுகளையெல்லாம் அவர் மனைவி யாத்விகா எடுத்திருந்தாள்.

விஷயம் பெரியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பீட்வே என்கிற மோட்டார் பைக் பந்தயம். எதிரணி, ஓட்ரா ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊர். அந்த ஊர்க்காரன் வந்து வழி கேட்டால்கூட எங்கள் ஊரில் யாரும் சரியாகச் சொல்லமாட்டோம். டிக்கெட்டெல்லாம் காலைக் காபி ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு போனில் விரல் தேயத் தட்டியதில் கிடைத்தது ஒன்றே ஒன்று.

"நான்தான் போகணும்," என்றார் ரோமுவால்ட்.

"ஏனாம்?"

"நடுவர் தப்புப் பண்ணினா கத்தறதுக்கு ஆள் வேண்டாமா?"

"இங்கேயே டிவியைப் பார்த்துக் கத்து. போன வாரம் அந்த வர்ணனையாளரை நீ திட்டின திட்டுல எங்கம்மா படம் சுவத்துலேர்ந்து விழுந்துது."

"அவன் ஒரு வர்ணனையாளனா? முன்னாடி போறவனைப் பின்னாடிங்கறான். பின்னாடி போறவனை ஆஹாங்கறான்!"

"அதுக்கு எங்கம்மா என்ன பண்ணுவா? முதல்ல படத்துக்குக் கண்ணாடி மாத்திக் குடு."

ஸ்பீட்வே பைக்குக்கு பிரேக் கிடையாது. அதன் ரசிகனின் வாய்க்கும் கிடையாது. போன ஞாயிறு எங்கள் ஊர் வீரன் ஒருவன் முதல் வளைவில் விழுந்தான். அவனுக்கும் பக்கத்தில் வந்த எதிரணிக்காரனுக்கும் நடுவே ஒரு ரொட்டி வேன் தாராளமாகப் போகும். நடுவர் சிவப்பு விளக்கைப் போட்டுப் பந்தயத்தை நிறுத்தினார். நின்றதற்குக் காரணமானவன் வெளியே போகவேண்டும், மற்றவர்கள் மறுபடி ஓட்டலாம். இதுதான் விதி. நடுவர் வெளியே அனுப்பியது விழாமல் நின்றவனை.

முதல் மாடி ஸிக்முண்ட் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அக்கரை ஊரில் பிறந்து, இங்கே பெண் கட்டி, வந்து நாற்பது வருடமாகிறது. இன்னும் அவரைச் சந்தேகத்தில்தான் வைத்திருக்கிறோம்.

"தொடவே இல்லை. உங்க ஆள் தானாப் படுத்துக்கிட்டான்," என்றார் ஸிக்முண்ட்.

"தொடணுமா ஐயா? பக்கத்துல வந்தாலே பயம் வராதா? விழுந்தவன் அப்பாவி, நின்னவன் குற்றவாளி. அவ்வளவுதான் சட்டம்!" என்றார் ரோமுவால்ட். இதையே ரொட்டிக்கடை வரிசையில் சொன்னார். குப்பைத்தொட்டி அருகே சொன்னார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டும் சொன்னார்.

இப்போது அவர் மூளையில் ஒரு மின்னல் வெட்டியது.

"யாத்விகா, சண்டை எதுக்கு? ஓட்டிப் பார்த்துடுவோம். சைக்கிள்ல, கீழ் முற்றத்துல, நாலு சுத்து. ஜெயிக்கிறவங்களுக்கு டிக்கெட்."

அவருக்குக் கால் நீளம். யாத்விகாவின் சைக்கிளோ உருளைக்கிழங்கு சுமந்தே கிழடு தட்டியது. அவள் யோசித்தாள்.

"சரி. ஆனா நடுவர் ஸிக்முண்ட்."

ரோமுவால்ட் மனதுக்குள் துள்ளினார். ஸிக்முண்ட் கறாரான ஆள். யாத்விகா உருண்டு புரண்டாலும் தானாகத்தான் படுத்தாள் என்று சொல்லிவிடுவார்.

மறுநாள் மாலை எங்கள் குடியிருப்பின் பால்கனிகள் நிரம்பி வழிந்தன. பூச்செடிகளைச் சுற்றி இடப்பக்கமாக நான்கு சுற்று. துணி உலர்த்தும் கயிறுதான் தொடக்கக் கோடு. ரோமுவால்ட் அசல் ஸ்பீட்வே ஆகவேண்டும் என்று தன் சைக்கிளின் பிரேக்கைக் கழற்றிவிட்டார். வர்ணனைக்கு மூன்றாம் மாடி வாண்டா அம்மாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.

ஸிக்முண்ட் கயிற்றைத் தூக்கினார்.

"பயணிகள் கவனத்திற்கு! ரோமுவால்ட் முதல் வளைவை வந்தடைகிறது! யாத்விகா சற்றுத் தாமதமாக இயங்குகிறது!" என்று முழங்கினார் வாண்டா அம்மாள்.

ரோமுவால்ட் வளைவில் திரும்பினார். பின்னால் ரொட்டி வேன் என்ன, ஒரு ரயிலே போகும் தூரத்தில் யாத்விகா மெதுவாகச் சைக்கிளை நிறுத்தினாள். இறங்கினாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். புல் எங்கே மெத்தென்று இருக்கிறது என்று பார்த்து, அங்கே படுத்தாள்.

"ஐயோ!" என்றாள் பிறகு.

ஸிக்முண்ட் சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டினார். ரோமுவால்ட் அதைப் பார்த்தார். நிற்கத்தான் முடியவில்லை. மணல்தொட்டியில் போய் இறங்கினார்.

"வெளியேற்றப்படுபவர், ரோமுவால்ட்!" என்றார் ஸிக்முண்ட்.

"என்னய்யா அநியாயம் இது? நான் தொட்டேனா? அவ இறங்கிப் படுத்தா! எல்லாரும் பார்த்தாங்க!" வாயிலிருந்து மணல் கொட்டியது.

"தொடணுமா ஐயா?" ஸிக்முண்ட் கண்ணில் நீர் தளும்பியது. "நாலு நாளா நீங்க பேசினதைக் கேட்டு நான் மனசு மாறிட்டேன். விழுந்தவர் அப்பாவி."

பால்கனிகள் கைதட்டின. நாற்பது வருடத்தில் முதல்முறையாக ஸிக்முண்ட் எங்கள் ஊர்க்காரர் ஆனார்.

ஆனால் ரோமுவால்டுக்கு இன்னும் உயிர் இருந்தது. யாத்விகா தனியாக நான்கு சுற்றையும் முடித்தால்தான் வெற்றி. முடிக்காவிட்டால் யாருக்கும் இல்லை, மறுபடி பேரம் பேசலாம். அவள் பால்கனிகளைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே ஓட்டினாள். கடைசிச் சுற்றில், கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள் செயின் கழன்றது.

"யாத்விகா இயந்திரக் கோளாறு காரணமாக நிற்கிறது!" என்றார் வாண்டா அம்மாள்.

வீரர் தானே தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டலாம். வெளியாள் கை வைத்தால் வீரர் அவுட். சின்னக் குழந்தைக்குக்கூட எங்கள் ஊரில் இது தெரியும். ரோமுவால்ட் முகம் மலர்ந்தது.

"என் தங்கமே! நீ தள்ளலாமா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஓடினார். சைக்கிளைப் பின்னாலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளி, அவளோடு சேர்த்துக் கோட்டைத் தாண்டவைத்தார். இரண்டாம் மாடியில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் புருஷனை முறைத்தாள்.

ரோமுவால்ட் சட்டென்று திரும்பினார்.

"வெளியாள் உதவி! நடுவரே, அவளையும் வெளியேத்துங்க!"

ஸிக்முண்ட் தலையைச் சொறிந்தார். விதி விதிதானே.

யாத்விகா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "நடுவரே, என்னைத் தள்ளினது யாரு?"

"ரோமுவால்ட்."

"அவரைத்தான் வெளியேத்திட்டீங்களே. இந்தப் பந்தயத்துல அவர் இல்லவே இல்லை. இல்லாத ஆள் எப்படி உதவி பண்ணுவார்?"

ஸிக்முண்ட் வானத்தைப் பார்த்து யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

"யாரும் உதவவில்லை. முடிவு செல்லும்!"

"முதலிடம் யாத்விகா," என்று அறிவித்தார் வாண்டா அம்மாள். "ரோமுவால்ட் இன்று ரத்து செய்யப்பட்டுள்ளது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

டிக்கெட் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அந்த வர்ணனையாளனோடுதான் காலம் தள்ளவேண்டும். ரோமுவால்ட் மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

"கையை வீசிக்கிட்டு எங்க போற? ரெண்டு சைக்கிளையும் நாலாவது மாடிக்கு யார் தூக்கறது?"

ரோமுவால்ட் நின்றார். கடைசியாக ஒரு பிடி கிடைத்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"நான்தான் இல்லவே இல்லையே!"

"பந்தயத்துலதான் இல்லைன்னேன்," என்றாள் யாத்விகா. "தூக்கு."