வராத ரயிலுக்குக் காது கொடுத்தவர்

ஒகயாமா,
மழைக்காலத் தொடக்கம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணாவுக்கு, தங்கை சுமியே தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். அங்கே உவாஜிமாவில் தாங்களும் அண்ணியும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஊமெப் பிளம் காய்களை உப்புப் போட்டு ஜாடியில் இறக்கிவிட்டேன். தாங்கள் அனுப்பிய மீன் வடை வந்த அன்றே தீர்ந்துவிட்டது. நலம் என்று எழுதினேனே, அது உடம்பைப் பற்றி மட்டும். மற்றபடி இந்த வீட்டில் ஒருவருக்குப் புத்தி பிசகிவிட்டது. நான் இல்லை.

உங்கள் மாப்பிள்ளை வாழ்நாள் முழுக்க அமெரிக்க இலக்கியம் சொல்லிக்கொடுத்தது தாங்கள் அறிந்ததே. அதிலும் நெடுஞ்சாலைக் கதைகள் என்றால் உயிர். வீட்டைவிட்டு ஓடுகிறவன், காரில் ஏறி மேற்கே போகிறவன், வழியில் அவன் நிற்கும் பெட்ரோல் பங்க், காசு போட்டால் பாடும் பாட்டுப்பெட்டி, நியான் விளக்கு எரியும் விடுதி, இதற்கெல்லாம் ஜப்பானில் இவரைக் கேட்டுத்தான் பேசுவார்கள். அமெரிக்காவுக்கு இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் நூலகத்துக்குள் போனார், நூலகத்திலிருந்து வெளியே வந்தார், விமானம் ஏறினார். மார்ச் மாதம் ஓய்வு பெறும்போது எல்லாப் பேராசிரியர்களையும் போல இறுதிச் சொற்பொழிவு ஆற்றினார். நானும் கிமோனோ கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாலைவனம் தாண்டி மேற்கே போகிற அந்த அமெரிக்க நெடுஞ்சாலையைப் பற்றி, கேட்டவர்களுக்கு அழுகை வரும்படி பேசினார். பூங்கொத்துக் கொடுக்கிற நேரத்தில் ஒரு மாணவி, நல்ல பிள்ளைதான், எழுந்து, "சென்செய், அந்த ரோட்ல நீங்க ஓட்டினது என்ன கார்?" என்று கேட்டாள். "நானா? எனக்குச் சைக்கிள்தாம்மா ஓட்ட வரும்" என்றார் இவர். அரங்கமே சிரித்தது, இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்தவர் பூங்கொத்தைத் தண்ணீரில்கூட வைக்கவில்லை. "சுமியே, நான் லைசென்ஸ் எடுக்கப் போறேன். அந்த ரோட்ல உன்னைப் பக்கத்துல வச்சு ஓட்டிட்டுப் போகணும்" என்றார்.

எழுபது வயது, அண்ணா! எங்கள் தெருவில் இந்த வயதுக்காரர்கள் எல்லாம் போலீஸ் நிலையத்துக்குப் போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டு இனோகுமா திருப்பிக் கொடுத்த அதே வாரம் இவர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். இனோகுமாவின் மனைவி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உங்க வீட்டுக்காரருக்கு இப்பதான் பதினெட்டு முடிஞ்சுதாக்கும்" என்கிறாள். முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? இவரைத் தனியாக விட மனமில்லாமல் கெஞ்சிக் கூத்தாடிப் பின்சீட்டில் உட்கார அனுமதி வாங்கினேன். சொல்லிக்கொடுப்பது நொஸே என்ற சின்னப் பெண். அவள் இவரைச் 'சென்செய்' என்கிறாள், இவர் அவளைச் 'சென்செய்' என்கிறார், யார் யாருக்கு வாத்தியார் என்றே விளங்கவில்லை. வண்டி நகர்ந்ததும் இவர் நேராக வலது பக்கம் போய்விட்டார்.

"சென்செய்! இடது, இடது! இது ஒகயாமா!"

"மன்னிக்கணும் சென்செய். நான் அரிசோனாவுல இருந்துட்டேன்."

அதுகூடப் பரவாயில்லை. தண்டவாளம் வந்தால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ரயில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும் என்பது தாங்கள் அறியாததா? டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் பழகுவதற்காகப் போட்ட தண்டவாளம் புல்லில் ஆரம்பித்துப் புல்லிலேயே முடிந்துவிடும். எல்லோரும் ஒப்புக்குக் கண்ணாடியை இறக்கி ஏற்றிவிட்டுப் போவார்கள். இவர் இறக்கினார், காதைக் கொடுத்தார், கொடுத்த காதைத் திரும்ப வாங்கவே இல்லை. தூறல் உள்ளே அடிக்கிறது, பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

"சென்செய், போகலாமே."

"கொஞ்சம் இருங்க. சரக்கு ரயில். ரொம்ப நீளம்."

"இங்க ரயிலே வராதுங்க!"

"தெரியும்மா. வராட்டியும் காது கொடுத்துக் கேட்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அண்ணா, இதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கும் கேட்டது. தடக் தடக் என்று எங்கோ தூரத்தில். கண்ணாடியில் மழை வழிய வழிய, மைதானத்துக்கு அந்தப்புறம் இருக்கிற நாற்று வயல் ஆள் உயரத்துக்கு எழும்பி, சோளக்காடாகி, மஞ்சளாக அசைந்தது. அதன் வாசனைகூட வந்தது. 'போகலாங்க' என்று சொல்ல வேண்டிய நானே அந்தப் பக்கம் சாய்ந்து காது கொடுத்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, நொஸே பெண்ணே குனிந்து கைப்பிரேக்கை விடுவித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு வீட்டில் ஒருத்தர் கனவு காணலாம், இரண்டு பேரும் கண்டால் அடுப்பை யார் அணைக்கிறது? அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பாலைவனத்து ரோட்டில் இவர் இப்படிக் காது கொடுத்துக்கொண்டு நின்று, நிஜமாகவே ஒன்று வந்துவிட்டால்? இவர் இல்லாமல் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

ஆகவே தாங்கள்தான் காப்பாற்ற வேண்டும். காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர் தாங்கள், தங்கள் சொல்லை மட்டும்தான் இவர் தட்டமாட்டார். "மாப்பிள்ளை, ஸ்டியரிங் உங்க கைக்கு ஆகாது, விட்டுடுங்க" என்று கடுமையாக ஒரு கடிதம் எழுதுங்கள். தயவுதாட்சண்யம் வேண்டாம். அண்ணிக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். மழையில் நனையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் பாசமுள்ள தங்கை,
சுமியே

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் தேர்வே முடிந்துவிட்டது. கோட்டை விட்டுவிட்டார். தண்டவாளத்தில் இல்லை, அங்கே மணியாக நிறுத்தி மணியாகக் கிளம்பினார். குறுகலான வளைவில் பின்சக்கரம் ஓரத்துக் கல்மேட்டில் ஏறிவிட்டதாம். வீட்டுக்கு வந்து, "போதும் சுமியே, படிச்ச வரைக்கும் போதும்" என்று அமெரிக்க மேப்பை மடித்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். நான் குதித்திருக்க வேண்டும், இல்லையா? ராத்திரி எந்த ஊரைப் பற்றியும் பேசாமல் சாப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை, அண்ணா. என் கிண்ணத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். மேலே எழுதினதையெல்லாம் மறந்துடுங்க. கடிதம் வேண்டாம், நீங்களே வாங்க, இந்த ஞாயிற்றுக்கிழமையே. இனோகுமாவின் கார் சும்மாதான் நிற்கிறது, அவருடைய பழைய மரக்கிடங்கு மைதானமும் காலியாக இருக்கிறது, இரண்டையும் கேட்டு வாங்கிவிட்டேன். இவருக்கு அந்த வளைவைச் சொல்லிக்கொடுங்க. இவருக்கு வராவிட்டால் எனக்குச் சொல்லிக்கொடுங்க. இவருடைய கோழிக்கிறுக்கல் கையெழுத்திலிருந்து எல்லாப் புத்தகத்தையும் நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தவள் நான், அந்த ரோட்டில் எங்கே திரும்ப வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இன்று காலை பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். படத்தில் சிரிக்கக் கூடாதாம், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது.