ரெண்டு கோடு போட்ட முட்டை

வெளக்கு மச்சானுக்கு,

உங்கள் மனைவி மருதாயி கட்சால் தீவில் இருந்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் கோழியும் கோழியின் ஆறு குஞ்சுகளும், அது போக இன்னொன்றும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தைக் கேட்பது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கடுதாசி என்றால் சுகம் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்று மூணாங்கிளாஸ் டீச்சர் சொல்லியிருக்கிறார், நான் படித்ததே அவ்வளவுதான், அதனால கேட்டுக்கிறேன். வெளக்கு மச்சான்னு எழுதினதுக்குக் கோவிச்சுக்காதீங்க. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, ரப்பர் பால் வெட்டு முடிஞ்ச கையோட நெத்தியில கட்டின வெளக்கக்கூட அவுக்காம வந்து, காப்பி குடிக்கக் குனிஞ்சப்ப எங்கப்பா கண்ணுல வெளிச்சம் அடிச்சீங்களே, அன்னிக்கு வச்ச பேரு. நாப்பது வருசமா வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். இனிமே யாருக்குப் பயம்.

எதுக்கு எழுதுறேன்னா, நான் ஒரு விசயத்துல ஜெயிச்சுட்டேன், அத உங்ககிட்டச் சொல்லாம எனக்குச் சோறு எறங்கல. நீங்க கடைசியா அடை வச்ச கோழி ஞாபகம் இருக்கா, அந்தச் செவலை? ஒரு வியாழக்கிழமை, ஒத்தப்படையா இருக்கணும்னு ஒம்பது முட்டைய எடுத்து வச்சு, இடி இடிச்சா கெட்டுப்போகும்னு ஒடஞ்ச பால்கத்திய ஒரு பக்கம், கரித்துண்டும் காஞ்ச மொளகாயும் ஒரு பக்கம்னு கூடைக்குள்ள சொருகி, ஒவ்வொரு முட்டையா வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, கூர்மூக்கா இருந்தா சேவல்னு ஒரு கோடு, உருண்டையா இருந்தா பெட்டைன்னு ரெண்டு கோடு, நீலப் பேனாவுல போட்டீங்க. நான் வழக்கம்போல, பெரிய கலெக்டரு கையெழுத்துப் போடுறாருன்னு சொன்னேன். புழுக்கமா இருக்கு, தண்ணி குடுன்னீங்க. அடுப்புல கொழம்பு தீயுதேங்குற கோவத்துல நானும் சொம்ப ணங்குன்னு வச்சுட்டுப் போயிட்டேன். அடுத்த செவ்வாக்கெழமை நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நீங்க போயிட்டீங்க. கோழி மட்டும் எந்திரிக்கல. வீடு முழுக்க சனம், பந்தல், அழுக, கூடைய யாரோ தூக்கிட்டுப் போயி பக்கத்து வீட்டு ராசம்மா வெறகுக் கொட்டாயில வச்சுட்டாங்க, அப்பவும் அது எந்திரிக்கல. என்னைவிட அதுக்கு வைராக்கியம் ஜாஸ்தி.

கருமாதி அன்னிக்குத்தான் பெரிய கூத்து. உங்க சித்தப்பா மகன் பன்னீர்செல்வம் இருக்கானே, காலையில அய்யரத் தேடி வந்தவன் மாதிரி வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு வந்து, "மதினி, சாங்கியம் முடிஞ்சதும் கறிச்சோறு போடணுமே, அண்ணனுக்குக் கறின்னா உசுரு, கடையில பிராய்லர்தான் இருக்கு, கொட்டாயில நாட்டுக்கோழி ஒண்ணு சும்மா குந்திக்கிட்டு இருக்கே"ன்னான். நான் தலைய முக்காடு போட்டு ஒக்காந்திருக்கிறேன், வாயத் தொறக்கக் கூடாத நேரம். தொறந்துட்டேன். "அது பிரசவத்துல இருக்குடா, ஒனக்கு வெக்கமில்ல?"ன்னேன். அவன் பதில் சொல்றதுக்குள்ள பொம்பளைங்க மாரடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நானும் அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன், சத்தியமா. நடுவுல கொட்டாய்ப் பக்கம் இருந்து கீய்னு ஒரு சத்தம். நான் கையத் தூக்கி, "ஏ, கொஞ்ச நேரம் சும்மா இருங்கடி"ன்னேன். அத்தன பேரும் கப்புனு நிறுத்திட்டாங்க. ராசம்மா பயந்துபோயி, "மருதாயி, அண்ணன் எதுவும் பேசுறாரா?"ன்னு கேட்டா. "பேசல, பொரிச்சிருக்கு"ன்னேன். உங்க மக திவ்யா என்னைய ஒரு பார்வ பாத்தா பாருங்க, போர்ட் பிளேருக்குக் கூட்டிட்டுப் போயி மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டணும்னு அந்த நிமிசமே முடிவு பண்ணிட்டா.

ஆறு பொரிச்சுது. ரெண்டு கூமுட்டை. ஒண்ணு மட்டும் மறுநாள் வரைக்கும் அப்பிடியே கெடந்துச்சு, ரெண்டு கோடு போட்டது. செவலை ஆறையும் கூட்டிக்கிட்டு மேய்ச்சலுக்குக் கெளம்பிருச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. முட்டையில ஒரு ஓட்டை, ஓட்டைக்குள்ள ஒரு மூக்கு, அது தொறந்து தொறந்து மூடுது. நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். தானா வராத குஞ்சுல கைய வைக்காதே மருதாயி, கோழியே விட்டுட்டா விட்டுரணும். நாப்பது வருசத்துல எத்தனையோ விட்டிருக்கோம். அன்னிக்கு என்னால முடியல. விட்டது போதும்னு தோணுச்சு. வெதுவெதுன்னு தண்ணியத் தொட்டுத் தொட்டு ஓட்ட உரிச்சேன். வந்துச்சு பாருங்க ஒரு சாமான், எச்சித் துப்பின பஞ்சு மாதிரி, ரெண்டு காலும் ரெண்டு பக்கமா விரிஞ்சு, நீச்சலடிக்கப் போற தவக்கள மாதிரி. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன், அங்க இருந்த தம்பி ஒரு கண்ணால பாத்துட்டு, "அரே அம்மாஜி, யே நஹி பச்சேகா"ன்னான், இது பொழைக்காதாம். "நீ பொழைக்க மாட்டேன்னு ஒன் அம்மாகிட்டயும் யாராச்சும் சொல்லியிருப்பான்"னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுல வந்தா மருமகன் கோகுல் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கிட்டு இருக்காரு. இன்னும் ஒம்பது நாள்ல கப்பல், எனக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்தாச்சாம், போர்ட் பிளேர் ஷாதிப்பூர்ல அவங்க வீட்டுல எனக்குன்னு ஒரு கட்டிலாம், ஜன்னலாம். வீட்டப் பூட்டிச் சாவிய ராசம்மாகிட்டக் குடுத்துரணுமாம். திவ்யா சொல்றா, "அம்மா, நீ தனியா உன்னையே பாத்துக்க மாட்டே, இதுல கோழிக்குஞ்சு வேறயா? நாளைக்கு அது செத்துச்சுன்னா அதுக்கும் சேத்து அழுவே." எனக்கு வந்துச்சே கோவம். "இந்தா பாரு திவ்யா, கப்பல் வர்ற அன்னிக்கு இது தன் கால்ல நின்னு நடந்துச்சுன்னா நான் இங்க நிப்பேன். நடக்கலன்னா மறு பேச்சு இல்லாம நான் கப்பல் ஏறுறேன்"னுட்டேன். கோகுல் குஞ்சத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அத்த, டிக்கெட்டப் பத்திரமா வையிங்க"ன்னாரு. நல்ல புள்ளதான், நக்கல் மட்டும் கொஞ்சம்.

மொதல்ல சூடு வேணும். கரண்டு வருது போகுது, பல்ப நம்ப முடியாது. உங்க நெத்தி டார்ச்ச எடுத்து அட்டப்பெட்டியில தொங்க விட்டேன். வெளிச்சம் வருது, சூடு வரல. புது டார்ச்சு, உங்கள மாதிரிதான், பளபளப்பு மட்டும். சரின்னு ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டேன். துட்டி கேக்க வந்த பொம்பளைங்க என்னைக் கட்டிப் புடிச்சு அழுதா, ஒவ்வொருத்தி அழுத்துறப்பவும் உள்ள இருந்து கீய் கீய்னு சத்தம். ஒருத்தி, "பாவம், நெஞ்சே கதறுது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. அப்புறம் வைக்கோல் எடுக்கலாம்னு கோழிக்கூண்டு மேல கைய விட்டேன். என்ன தட்டுப்பட்டுச்சுன்னு நான் சொல்லணுமா? பாதி குடிச்ச குவாட்டர் பாட்டில். முருகன் கோயில்ல கற்பூரத்த அடிச்சு சத்தியம் பண்ணி மூணு வருசம் ஆச்சு. கோழிக்குத் தண்ணி வைக்கப் போறேன் கோழிக்குத் தண்ணி வைக்கப் போறேன்னு சாயங்காலம் சாயங்காலம் போனது இதுக்குத்தானா? ஒக்காந்து ஒரு பாட்டம் திட்டினேன், அப்புறம் ஒரு பாட்டம் அழுதேன், அப்புறம் உள்ள இருந்தத வேற ஊத்தி வச்சுட்டு, அதுல வெந்நிய ஊத்தி, மூடியத் திருகி, உங்க பனியனச் சுத்தி, குஞ்சு பக்கத்துல படுக்க வச்சேன். பாட்டில ஒட்டிக்கிட்டு அது கண்ண மூடிச்சு பாருங்க, அப்பிடியே உங்க முகம். வெந்நி ஆற ஆற மாத்தினேன். ஊத்தி வச்ச மிச்சத்த உங்க படத்துக்கு முன்னால ஒரு டம்ளர்ல வச்சேன், ஆயிரந்தான் இருந்தாலும் உங்களுது. காலையில டம்ளரு காலி. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு, வந்துட்டாரு, குடிச்சிட்டாருன்னு. அப்புறம் வாசல்ல பன்னீர்செல்வம் ஒரு ஏப்பம் விட்டான்.

காலுக்கு உங்க புண்ணுக்கு ஒட்டுற பிளாஸ்திரிதான். கிழிச்சு ரெண்டு காலையும் கொஞ்சம் எடவெளி விட்டுச் சேத்து ஒட்டினேன், விரியாம இருக்க. அது எந்திரிக்கும், தொபுக்குனு மூக்குல விழும். எந்திரிக்கும், விழும். முட்டைய அவிச்சு மஞ்சக்கருவ உதுத்து வெரல் நுனியில வச்சு ஊட்டினேன். ராசம்மா, "கோழிக்கே கோழி முட்டையா, இது அடுக்குமா?"ன்னா. "ஒன் புள்ளைக்கு நீ பால் குடுக்கல?"ன்னேன், போயிட்டா. ரப்பர் பால் புடிக்கிற கப்புல தண்ணி வச்சா அதுலயே விழுந்து மொதந்துச்சு, தொடச்சு மறுபடியும் பாட்டில்கிட்ட. பின்னால அடச்சுக்கிச்சுன்னு வெந்நித் துணியால நாளைக்கு நாலு தடவ கழுவி விட்டேன், திவ்யாவுக்குக்கூட இப்பிடிச் செஞ்சதில்ல, அத அவகிட்டச் சொன்னேன், அவளுக்கு ரோசம் வந்திருச்சு. அஞ்சாம் நாள் பொழுது சாயுற நேரம் செவலைக்கு அடியில மெதுவாத் தள்ளிப் பாத்தேன். ஒரே கொத்து. ஆறுக்கு மேல எண்ணத் தெரிஞ்ச கோழி அது. அன்னிக்குத்தான் நான் அதுக்குப் பேரு வச்சேன். ரெண்டு கோடு, பெட்டை, உங்க கோடு என்னிக்கும் தப்பினதில்ல. அதனால அன்னம்மாள். ஆமா, உங்க ஆத்தா பேருதான். அதே கீச்சுக் கொரலு, அதே மொறப்பு, எவ்வளவு செஞ்சாலும் போதாது.

நேத்துக் கப்பல். கப்பல் வந்து நிக்கிற ஜெட்டிக்குக் கூடையோட போனேன். பிளாஸ்திரிய அதுவரைக்கும் அவுக்கல, அவுக்கப் பயம், அத உங்ககிட்ட மட்டும் சொல்றேன். சனமெல்லாம் மூட்ட முடிச்சோட நிக்கிது, திவ்யா எம் பையையும் சேத்துப் புடிச்சிக்கிட்டு, "சரிம்மா, அவுத்து விடு, பாப்போம்"னா. எண்ணெயத் தொட்டு மெதுவா உரிச்சு எடுத்து சிமிட்டித் தரையில விட்டேன். படக்குன்னு ஒக்காந்துருச்சு. கோகுல்கூட நக்கலடிக்கல, நானும் டிக்கெட்டத் தடவிப் பாத்துக்கிட்டேன். கப்பல்ல சங்கு ஊதினான். அந்தச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சுது பாருங்க! ஒரு எட்டு. ஆடுது. ரெண்டு. மூணு. நேரா நடந்து போயி மருமகன் ஷூ மேல ஏறி நின்னு, அங்கயே வெளிக்கும் போயிருச்சு. ஜெட்டியே கை தட்டுச்சு மச்சான். பெங்காலிக்காரன் ஒருத்தன் விசிலடிச்சான். திவ்யா அழுறாளா சிரிக்கிறாளான்னு தெரியல, எம் பையத் தரையில வச்சுட்டு, "இரு, உன் கோழியோடயே இரு, போன் அடிச்சா மட்டும் எடுத்துரு"ன்னுட்டு ஏறிட்டா. மொதல் முட்டை உனக்குத்தான்டி, கப்பல்ல அனுப்புறேன்னு கத்தினேன். அதுக்கும் கை தட்டினாங்க. சுனாமிக்கப்புறம் குடுத்த இந்த வீட்டுக்கு நாம வந்தப்பகூட நான் இவ்வளவு நெஞ்ச நிமித்தி நடந்து வரல.

ஆக, கைய வைக்காதேன்னு நீங்க சொன்னது தப்பு. பெட்டைன்னு கோடு போட்டது சரி. ரெண்டையும் நான் ஊருக்கே சொல்லிட்டேன். அங்க நேரத்துக்குச் சாப்புடுங்க, யாரு ஊத்திக் குடுத்தாலும் வேணாம்னு சொல்லுங்க. என் அப்பா அம்மாவுக்கு என் கும்புடு. உங்க ஆத்தாவப் பாத்தா அவங்களுக்கும் சொல்லுங்க, கோழிக்குப் பேரு வச்சத மட்டும் சொல்லிராதீங்க. இந்தக் கடுதாசிய எந்தத் தபால்ல போடுறதுன்னு தெரியல, அடைக்கூடைக்குள்ள அந்தப் பால்கத்திக்கு அடியில வைக்கிறேன், இடி விழாது.

இப்படிக்கு,
மருதாயி

பின்குறிப்பு: மேல எழுதி ரெண்டரை மாசம் ஆச்சு. எல்லாத்தையும் அடிச்சுருங்க. இன்னிக்கு விடியக்காலையில உங்க ஆத்தா வேலி மேல ஏறி நின்னு, நெஞ்ச விரிச்சு, கொக்கரக்கோன்னு கூவிட்டாங்க. ராசம்மா சிரிச்ச சிரிப்புல அவ வீட்டு நாய் ஊளையிடுது. முட்டை எங்கம்மான்னு திவ்யா போன்ல கேக்குறா, என்னன்னு சொல்லுவேன். நாப்பது வருசத்துல ஒரு தடவகூடத் தப்பாத கோடு எப்பிடித் தப்பாப் போச்சுன்னு எனக்குத் தாங்கல. அந்த முட்டை ஓட்ட சூடம் வச்சிருந்த டப்பாவுல எடுத்து வச்சிருந்தேன், கொண்டுபோயி வெயில்ல வச்சுப் பாத்தேன். முட்டை கூர்மூக்குத்தான் மச்சான். கோடு ரெண்டு இல்ல, ஒண்ணுதான். ஆரம்பிச்ச எடம் ஒண்ணு. பாதியில பேனா நடுங்கி, வழுக்கி, நீங்க திருப்பி மேல இழுத்திருக்கீங்க, அது வெலகிப் போயி ரெண்டு மாதிரி நிக்கிது. மத்த எட்டுலயும் கோடு நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு, இதுதான் கடைசி முட்டை. இத வச்சுட்டுத்தான் தண்ணி கேட்டீங்க. புழுக்கம்னு சொன்னீங்க.

நெஞ்சு அப்பவே வலிச்சுச்சா மச்சான்?