எச்சரிக்கையை நிறுத்தி வைத்ததால் வந்த செத்தவீடு

வன்னியில் முன்னறிவித்தல் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. பாண் வண்டி வருமுன் அதன் பாட்டு வந்துவிடும். மீன்காரர் வருமுன் அவருடைய ஹோர்ன் வந்துவிடும். குளத்தின் வான்கதவைத் திறப்பதென்றால் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் திறப்பார்கள். மின்வெட்டைக்கூட முதல்நாளே அறிவித்துவிடுவார்கள் (சொன்ன நேரத்துக்கு அது வராது என்பது வேறு கதை). ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அறிவித்தல் கிடையாது. வெளிநாடு போகிறவன் சொல்லிக்கொண்டு போவதில்லை. சொன்னால் கண்பட்டுவிடும், பயணம் குழம்பிவிடும் என்று பயம்.

என் அண்ணாவும் அப்படித்தான் போனான். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கக் கண்ணாடி வாங்கக் கொழும்புக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பரந்தன் சந்தியில் பஸ் ஏறினான். விஷயம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அவர் வாய் திறக்கவில்லை. பல வாரங்கள் கழித்துப் பிரான்சில் இருந்து அழைத்தான். நான் முதலில் கேட்ட கேள்வி, "கண்ணாடி கிடைச்சுதோ?" (என் அறிவின் அளவை இதிலிருந்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.)

பிறகு அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது என்று அம்மா வவுனியாவுக்குப் போனார். ஒரு மாதத்துக்கென்று போனவர், பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் வரவில்லை. பரந்தனில் மிஞ்சியது நானும், சந்தியில் என் கைபேசி திருத்தும் கடையும், இரண்டு பேர் பேசினால் எதிரொலிக்கும் ஒரு வீடும்தான். பேசத்தான் இரண்டாவது ஆள் இல்லை. அண்ணா ஒரு மடிக்கணினி வாங்கி அனுப்பினான். அழைப்பதற்கு நேரமில்லாதவர்கள் பொருள் அனுப்புவார்கள்.

அதில்தான் அந்த விளையாட்டைப் போட்டேன். வெறுங்காட்டில் நாலைந்து பேரை இறக்கிவிடுவார்கள். அவர்களைக் கொண்டு மரம் வெட்டி, வீடு கட்டி, பயிர் செய்து ஒரு குடியிருப்பை உருவாக்க வேண்டும். இடையிடையே கொள்ளையர் வந்து தாக்குவார்கள். அந்த மனிதர்களுக்குப் பெயர் நாமே வைக்கலாம். இணையத்தில் என்னோடு விளையாடிய மற்றவர்கள் வீரர்களின் பெயர் வைத்தார்கள். நான் அம்மா, அக்கா, அண்ணா, நான் என்று வைத்தேன். மாலையானால் நாலு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். நான் தட்டோடு கணினிக்கு முன்னால் இருந்து கூடவே சாப்பிடுவேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சில நாட்களில் அவர்களுக்கு என்ன சமையல் என்று பார்த்துவிட்டுத்தான் நானும் சமைத்தேன்.

தாக்குதலுக்கு எவ்வளவு முன்னதாக எச்சரிக்கை வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். மிக நீளமான எச்சரிக்கையை நான் தெரிவு செய்திருந்தேன். இதை வைத்து எங்கள் விளையாட்டுக் குழுவில் பெரிய சண்டை. "எச்சரிக்கை தந்து வந்தா அது தாக்குதல் இல்லை மச்சான், கலியாணம்" என்று ஒருவன் எழுதினான். இன்னொருவன், "கொள்ளைக்காரனுக்குத் தேத்தண்ணி ஊத்தி வைக்கப் போறியோ?" என்றான். எச்சரிக்கை வாசலைப் பூட்டுவதற்கு இல்லை, வெளியே நிற்கிறவனை உள்ளே கூப்பிடுவதற்கு என்று நான் பக்கம் பக்கமாக எழுதினேன். (சின்னனில், யுத்த காலத்தில், எங்களுக்குப் பழகிப்போன எச்சரிக்கைகளைப் பற்றி நான் அங்கே எழுதவில்லை. அவை விளையாட்டுக்குரியவை அல்ல.) கடைசியில், "உனக்குப் பயம்" என்று ஒருவன் இரண்டே சொல்லில் முடித்தான். ரோசம் வந்து எச்சரிக்கையை முழுதாக நிறுத்தினேன். ரோசம் சோறு போடாது என்பார்கள். எனக்கு அன்று இருந்த சோற்றையும் பறித்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம். என் அடுப்பில் சோறு கொதிக்கிறது. அண்ணாவை மதிலுக்கு வெளியே ஆற்றில் மீன்பிடிக்க அனுப்பியிருந்தேன் (உண்மையில் அவனுக்கு மீனில் முள் எடுக்கவே தெரியாது). எந்தச் சத்தமும் இல்லாமல் கொள்ளையர் வந்தார்கள். நான் உள்ளே வா, உள்ளே வா என்று அழுத்துகிறேன். அவன் தூண்டிலை வைத்துவிட்டுத் திரும்பினான், பாதி வழியில் விழுந்தான். மற்ற மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். ஒரு கதிரை வெறுமையாக இருந்தது.

அழுதேன். கண் கலங்கியதென்று கௌரவமாகச் சொல்ல முடியாது. விம்மி விம்மி, மூக்கால் வடிய அழுதேன். அண்ணா என்னை அழைத்து மாதக்கணக்காகிவிட்டது. அந்த அழுகை எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மலர் அக்கா கறிக்கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"என்னடா தம்பி? ஏன் அழுறாய்?"

"அண்ணா..." என்றேன்.

"அண்ணாவுக்கு என்ன?"

'விளையாட்டில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முப்பது வயதை எட்டப்போகிற ஆண்பிள்ளை கணினிப் பொம்மைக்காக அழுகிறான் என்று எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். மலர் அக்கா கிண்ணத்தை மேசையில் வைத்தார், நெஞ்சில் ஓங்கி அடித்தார். "ஐயோ, என்ர ராசா, போயிட்டியோ!" என்று அவர் வைத்த குரல் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

எங்கள் ஊரில் மற்ற எதற்கும் ஆள் பிடிக்கக் கஷ்டம். செத்தவீட்டுக்கு மட்டும் கூப்பிடத் தேவையில்லை. நான் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் மலர் அக்காவின் கணவர் தருமு அண்ணை வந்துவிட்டார். மரண உதவிச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். பின்னாலேயே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கதிரையும், முற்றத்தில் கட்டப் படங்கும் வந்தன. ஒழுங்கையில் சாவுக்கான வெள்ளைக்கொடி ஏறியது. "செத்தவீட்டில அடுப்பு எரியக்கூடாது" என்று மலர் அக்கா என் அரைவேக்காட்டுச் சோற்றை இறக்கி வைத்தார்.

"பொடி இஞ்ச வருமோ, அங்கயே எரிக்கினமோ?" என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இன்னும் தெரியாது ஐயா" என்றேன். (உண்மைதானே!)

ஒவ்வொரு கதிரை இறங்கும்போதும் உண்மையைச் சொல்வது இன்னும் கொஞ்சம் கடினமாகியது. அதைவிட வெட்கக்கேடான ஒன்றும் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒருவர் முற்றம் கூட்டினார். ஒருவர் என் தலையைத் தடவினார். அண்ணா மாமரத்தில் இருந்து விழுந்து கையை முறித்த கதையைச் சொல்லி நாலு பேர் அழுதுகொண்டே சிரித்தார்கள். அண்ணா போன நாளிலிருந்து என் வீட்டில் இத்தனை குரல் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் வெளியே வான் ஒன்று இயந்திரத்தை முடுக்கும் சத்தம் கேட்டது. தருமு அண்ணை சாரதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வவுனியாவில தாய்க்கு உள்ளதைச் சொல்லிப்போடாத. சின்னவனுக்குக் கடும் காய்ச்சல் எண்டு கூட்டிவா."

அம்மா! ஓமந்தை தாண்டி வரும் வழி முழுக்க என்னை நினைத்துப் பதறிக்கொண்டு வந்து, முற்றத்தில் படங்கைக் காணப்போகிறார். ஓடிப்போய் வானுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"தாயை நினைச்சுப் பிள்ளைக்கு மனம் ஏலாமக் கிடக்கு" என்று ஒருவர் என்னை அணைத்து ஓரமாக்கினார்.

"இல்லை! அண்ணா சாகேல்லை!"

"ஓமடா தம்பி, முதல்ல எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்" என்று அவர் முதுகில் தட்டினார்.

உள்ளே என் கைபேசி அலறியது. மலர் அக்கா எடுத்தார். எடுத்த வேகத்திலேயே "ஐயோ!" என்று கத்தி அதைக் கதிரையில் போட்டார். காணொளி அழைப்பு. திரையில், ஏதோ உணவகத்துக் குசினியில், இறந்துபோன என் அண்ணா தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். யாரோ எங்கள் வீட்டையும் வெள்ளைக்கொடியையும் படமெடுத்து, பெயர் போடாமல், ஊர் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். அவனும் அந்தக் குழுவில் இருந்தான்.

நான் ஓடிவந்து எடுத்தேன். என் முகத்தைக் கண்டதும் அவன் திரைக்குக் கிட்ட வந்தான்.

"நீ இருக்கிறாய். அப்ப அம்மாவோ? அம்மாவோடா?"

"அம்மா சுகமா இருக்கிறா."

"அப்ப ஆர் செத்தது?"

"நீ."

"எப்ப?"

"மத்தியானம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டையும், பெயர்களையும், எச்சரிக்கையை நிறுத்தியதையும், நாலு கதிரை மேசையையும். அத்தனை பேரும் சுற்றி நின்று கேட்டார்கள். வான்காரன்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கேட்டான். நிலம் பிளந்து விழுங்கும் என்று பார்த்தேன், பரந்தன் நிலம் அவ்வளவு இரக்கமுள்ளது அல்ல.

அண்ணா முகத்தைத் துடைத்தான். "அதுக்கு நீ ஏன்ரா இப்பிடி அழுதனீ?"

"நீ போகேக்க எனக்குச் சொன்னனியோ? கண்ணாடி வாங்கப் போறன் எண்டுதானே போனனீ."

"சொன்னா நீ அழுதிருப்பாய்."

"அழ ஒரு நாள் தந்திருக்கலாம்தானே."

அங்கே யாரோ அவனைப் பிரெஞ்சில் கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே தருமு அண்ணைதான் தொண்டையைச் செருமினார். "இறக்கின கதிரையைச் சும்மா ஏத்தக்கூடாது. எல்லாரும் இருங்கோ, தேத்தண்ணி வருது." பிறகு என்னிடம் திரும்பித் திட்டத் தொடங்கினார். அதை இங்கே எழுத முடியாது.

இன்றைக்கும் எங்கள் பக்கம் யாராவது இறந்தால் சங்கத்தில் முதல் கேள்வி, "உண்மையாவோ, கொம்பியூட்டரிலயோ?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் கதிரை கிடைக்கும். விளையாட்டில் எச்சரிக்கையை மறுபடி நீளமாக்கிவிட்டேன், குழுவில் எவன் என்ன சொன்னாலும் சரி. அண்ணாவும் மாறிவிட்டான். ஞாயிறு காலையில் "தாக்குதல் வருகிறது" என்று ஒரு செய்தி அனுப்புவான், மத்தியானம் அழைப்பான். செய்தி வந்ததும் நான் சேர்ட்டை மாற்றி, தலையைச் சீவி, கைபேசிக்கு முன்னால் இருந்துவிடுவேன்.

எச்சரிக்கை வந்தும் தாக்குதல் வராத ஞாயிறுகளும் உண்டு. குசினியில் வேலை கூடிவிடும், மறந்துவிடுவான். நான் சீவிய தலையோடு இருட்டும்வரை இருப்பேன். அப்போது வேலிக்கு மேலால் மலர் அக்காவின் குரல் வரும்.

"என்னடா, கொண்ணன் உயிரோடதானே?"

"ஓம் அக்கா."

"அப்ப அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இஞ்ச வா. வந்து சாப்பிடு."