துளிக்கு ஒரு ஆள்

விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எட்டாயிரம் செல்கள் உரிமம் இல்லாமல் தங்கியிருக்கும் செய்தி அரசின் மேலான கவனத்துக்கு வந்தது.

செல்கள் முருகம்மாளுடையவை. வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்து மூச்சிழுப்பு வாங்கியவர். மூன்று மாதமாக உட்கார்ந்தேதான் தூங்குகிறார். இரண்டு மாத்திரைகளில் எது அவருக்குக் கேட்கும் என்று அறிய, ஆராய்ச்சி செய்யும் வேல்விழி அவர் மூக்கிலிருந்து செல்களை எடுத்தார். மருந்தைக் காட்டி, ஒவ்வொரு செல்லையும் தனித்தனி நீர்த்துளிக்குள் அடைத்து, எது மருந்துக்கு மசிந்தது, எது முரண்டு பிடித்தது என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். முடிவு வந்தால்தான் டாக்டர் மாத்திரை எழுதுவார்.

உரிமம் கேட்ட கல்லூரியின் விண்ணப்பத்தில் ‘ரசாயனம்’ என்று இருந்ததால், கோப்பு நேராகப் பட்டாசு ஆலைகளைச் சோதிக்கும் பிரிவுக்குப் போனது. எங்கள் மாவட்டத்தில் ரசாயனம் வேறெங்கும் போகாது. அதிகாரி கதிரவன் ஜீப்பில் வந்தார். அவரிடம் இருந்தது ஒரே படிவம். அறைகள் எத்தனை, அறைக்கு எத்தனை பேர், நாலுக்கு மேல் கூடாது.

எட்டாயிரம் துளி, துளிக்கு ஒரு செல் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தார் வேல்விழி. கதிரவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ஒழுக்கத்தை அவர் கண்டதில்லை. பாராட்டுச் சான்றிதழுக்கே பரிந்துரைப்பதாகச் சொன்னார். வேல்விழி அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவர், உண்மையையும் சொல்லித் தொலைத்தார்: சில நூறு துளிகளில் தவறிப்போய் இரண்டு செல் ஏறிவிடும்.

“நாலு வரைக்கும் விதி இருக்கே சார்?”

“ஒன்னுன்னு நீங்களே எழுதிக் குடுத்திட்டீக. இனிமே அதான் விதி.”

நாளை காலை ஆய்வுக்கூடத்துக்குச் சீல் என்றார். அப்படி இரட்டையாக ஏறியதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து விலக்கிவிடும் என்று வேல்விழி மன்றாடினார். விலக்கி எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டார் அதிகாரி. முடிவு கேட்க வந்து பெஞ்சில் இளைத்துக்கொண்டிருந்த முருகம்மாள்தான் வாயைத் திறந்தார்.

“ஐயா, உங்க ஜீப்பு தெரிஞ்சதும் எங்க கம்பெனியில மிச்ச ஆளுகளப் பின்னாடி ஓடைக்கு அனுப்பிருவாக. நீங்க தலைய எண்ணுறப்ப ரூமுக்கு நாலு பேருதான் இருப்போம். கம்ப்யூட்டரும் அதத்தான் செய்யுது.”

கதிரவனுக்கு விஞ்ஞானம் தெளிவாகப் புரிந்தது. ‘நடைமுறையிலுள்ள வழக்கப்படியே இயங்குகிறது’ என்று எழுதி உரிமத்தில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது மாத்திரை கேட்டது. முருகம்மாள் படுத்துத் தூங்கினார், எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். மறுமாதம் சீசன், வேலைக்குத் திரும்பினார். அறையில் பதின்மூன்று பேர், பதிவேட்டில் நாலு. ஜீப் வந்தது. முருகம்மாள் ஓடைக்கு ஓடினார். இந்தத் தடவை இளைப்பே இல்லை.

அந்த ஆலையிலிருந்து வந்த பட்டாசு லோடில் எனக்கும் ஒரு பெட்டி வந்தது. பிரித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். ஒரு வெடிகூடக் குறையவில்லை.