விளக்கத்தார் சொன்ன இங்கிலீசுப் படம்

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத அந்த நாட்களில், எங்கள் ஒழுங்கைத் தெருச் சனம் ஒரு இங்கிலீசுப் படமும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் விளக்கத்தாரின் படம்தான். ஆரும் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டால், மனுசன் ரீவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து தமிழில் விளக்கம் சொல்லுவார். இங்கிலீசோ, அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

ஒருநாள் மத்தியானம், உலகம் அழிந்த பிறகு நடக்கிற சண்டைப்படம். தோல் சட்டை போட்டவர்கள் பெற்றோலுக்காக அடிபட்டுச் சாகிறார்கள்.

"உவங்கள் ஏன் சாகிறாங்கள்? மண்ணெண்ணெயிலை ஓடலாமே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பெற்றோலுக்குத் தடை இருந்ததால் எங்கடை மோட்டார்சைக்கிள் எல்லாம் அப்போது அதில்தான் ஓடின.

"அது முன்னேறாத நாடு," என்றார் விளக்கத்தார்.

முந்தின மாதம் பார்த்த படத்தை அப்படியே உரித்து எடுத்த படம். அதனால் மனுசனுக்குப் பெருமை தாங்காத புளுகம். "இப்ப பாலம் உடையும்." உடைந்தது. "ஒற்றைக்கண்ணன் வருவான்." வந்தான். "அடுத்தது உந்தப் பெடியன்தான்..." என்று தொடங்கியவர் டக்கென்று நிறுத்தினார்.

முன்னுக்கு நேசமக்கா இருந்தா. வெளிநாட்டுக்கென்று வெளிக்கிட்ட அவவின் ஒரே மகனைப் பற்றி மாதக்கணக்காய் ஒரு தகவலும் இல்லை. படத்துப் பெடியனைக் கண்டதுமே, "என்ரை பிள்ளையின்ரை சாயல்," என்று சொல்லியிருந்தா.

பெடியன் சூடுபட்டு விழுந்தான்.

"மயங்கிப்போனான்," என்றார் விளக்கத்தார்.

"இரத்தம் ஓடுதே, தம்பி?"

"சின்னக் காயம் அக்கா. உவங்கடை டொக்டர்மார் எதையும் சுகப்படுத்துற விண்ணர்."

அடுத்த காட்சியில் படத்துத் தாய் அழுதழுது குழி வெட்டினாள்.

"மரவள்ளி நடுகிறா," என்றார் விளக்கத்தார்.

"இவ்வளவு பெரிய குழியிலையோ?"

"வெளிநாட்டுக் கிழங்கு அக்கா. பெரிசு."

"அப்ப பெடியன்?"

"கப்பல் ஏறீட்டான். உந்தக் கிழங்கு விளைய முதல் தாய்க்குத் தகவல் வந்திடும்."

எதற்கெடுத்தாலும் எதிர்க்கதை கதைக்கிற எங்கள் சனம் ஒன்றாய்த் தலையாட்டியது. இங்கிலீசு படிப்பிக்கிற வாத்தியார்கூட, "ஓம், அப்பிடித்தான் சொல்லுகினம்," என்றார்.

படம் முடிந்து எல்லாரும் எழும்பினோம். நேசமக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கத்தாரிடம் போனா.

"தம்பி, எனக்கும் கண் தெரியும்," என்றா. "ஆனால் அடுத்த படத்துக்கும் நீர்தான் விளக்கம் சொல்லவேணும்."

அந்தப் பொய்யரில் எனக்கு அன்று வந்த அன்பும் பட்சமும் இன்னும் குறையவில்லை.