ஏழு நாய்க்கும் ஒரே வார்

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது நான்கு கார்பன் காப்பியோடு அடித்துவிட்டால், அந்தக் காரியமே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஒரு நகராட்சி கமிஷனரைத்தான் கேட்க வேண்டும். அவர் இப்போது இல்லை. நான் தப்பித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரைச் சுற்றி, பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஷாப்புகள் வரிசையாக நிற்கும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. (பெயர் சொல்ல மாட்டேன். கமிஷனருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.) நான் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பா இல்லை. அம்மா மிஷன் பள்ளியில் டீச்சர். வீட்டில் மூன்றாவது ஆள் மேஜர். தெருவில் பொறுக்கி எடுத்த பழுப்பு நாய். ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். தினமும் விடியற்காலையில் பாலாற்று மணலில் அவிழ்த்துவிட்டால், அக்கரை வரை ஓடி, தொட்டுவிட்டுத் திரும்பி வருவான். அதுதான் அவன் வாழ்க்கை.

அந்த வருஷம் கடைத்தெருவில் வெறிநாய் ஒன்று நாலு பேரைக் கடித்தது. மறுவாரம் தண்டோரா போட்டார்கள். ஊசி போட்டு, கழுத்தில் பித்தளை வில்லை கட்டி, கட்டிவைத்து வளர்க்காத நாய் எதுவானாலும் நாய் வண்டியில் போகும் என்றார்கள். அந்த வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை.

மேஜருக்கு ஊசி போட்டேன், வில்லை வாங்கினேன், கொல்லையில் கட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து அவன் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் விலா எலும்பை எண்ண முடிந்தது. அவிழ்த்துவிட்டால் வண்டியில் போவான், அவிழ்க்காவிட்டால் கொல்லையிலேயே போவான் போலிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் நான் டைப் அடிப்பேன்.

அடித்தேன், நாலு பக்கம். ஊரில் நாய் வளர்க்கும் ஏழு வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி, சங்கம் என்று பெயர் வைத்து, என்னை நானே செயலாளராக நியமித்துக்கொண்டேன். காலை ஆறிலிருந்து ஏழு வரை பாலாற்றில் ஒரு திட்டை நாய்களுக்கு ஒதுக்க வேண்டும். அங்கே மட்டும் அவிழ்த்துவிடுவோம். போகும்போதும் வரும்போதும் வாரில் பிடித்துச் செல்வோம். நாய் அசுத்தம் செய்தால் உரிமையாளரே அள்ளுவார், அவர் தவறினால் செயலாளர் அள்ளுவார். (இந்த ஐந்தாவது விதியை யாரும் கேட்கவில்லை. அடித்துக்கொண்டே போகும்போது கை நிற்கவில்லை.)

கமிஷனர் நல்ல மனிதர். நாலு பக்கத்தையும் படித்தார். பக்கத்தில் நின்ற சானிடரி இன்ஸ்பெக்டருக்குத்தான் பொறுக்கவில்லை.

"சார், இதுங்கள நம்பாதீங்க. அவுத்து வுட்டா ஊருக்குள்ள பூந்துடும்."

"கூப்பிட்டா வருமாம்மா?" என்று கமிஷனர் என்னைக் கேட்டார்.

"ஏழும் வரும் சார்," என்றேன். (மற்ற ஆறு நாய்களை நான் கூப்பிட்டதே இல்லை.)

"சரி, சனிக்கிழமை காலைல ஆத்துக்கு வர்றேன். கட்டுப்பாடா இருந்தா மூணு மாசம் அனுமதி தர்றேன். இல்லன்னா வண்டியும் அங்கேயே நிக்கும், பாத்துக்கோங்க."

அன்று முதல் எனக்கு ஒரே கவலை, நாய்களைப் பற்றியல்ல, வாரைப் பற்றி. லுங்கி வியாபாரி முதலியார் தன் ராஜபாளையம் நாய் துரையைக் கிணற்றுக் கயிற்றில் பிடித்து வருவார். ஓய்வுபெற்ற நர்ஸ் மெர்சி ஆன்ட்டியின் பொமரேனியன் லில்லி பழைய புடவைக் கிழிசலில் வரும். கம்பவுண்டரின் கறுப்பன் சைக்கிள் செயினில். இந்தக் கோலத்தில் கமிஷனர் முன்னால் நிற்பதா? தோல் ஊரில், தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் செயலாளர் இருக்கும்போதா?

வியாழக்கிழமை சாயங்காலம் (வெள்ளி எங்கள் ஷாப்புக்கு விடுமுறை) குடோன் பக்கம் போனேன். ஒரு மூலையில் வெள்ளை வெளேரென்று, காய்ந்து விறைத்த தோல் துண்டுகள், நீள நீளமாக. எனக்குக் கண் மின்னியது. ஷாப்பு மேஸ்திரி அஷ்ரஃப் பாய் கணக்குச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இது வேஸ்ட்டா?"

"ஆமாம்மா, வேஸ்ட்டுதான். இன்னாத்துக்கு?"

"ஒரு பொதுக்காரியம்," என்றேன் கம்பீரமாக. அவரும் மேலே கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தினமும் பத்துத் தடவை தோல் வகைகளின் பெயரை லெட்டரில் அடிக்கிற எனக்கு, எது எந்தத் தோல் என்று இன்னொருவரைக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. உண்மையில் எனக்கு அவற்றின் ஸ்பெல்லிங் மட்டும்தான் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவர் துண்டைக் கையில் வாங்கி, மோந்து பார்த்தார்.

"பதம் போடாத தோலாச்சேம்மா. நனைஞ்சா கொழகொழன்னு பூடும்."

"பாலாத்துல எங்கங்க தண்ணி இருக்கு நனையறதுக்கு?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தைத்துக் கொடுத்தார். ஏழு நாய்க்கு ஏழு, கமிஷனருக்கு நினைவுப் பரிசாக ஒன்று, ஆக எட்டு வார். கட்டை மாதிரி விறைப்பாக இருந்ததால், வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒடுகத்தூர் கடலை எண்ணெயைத் தேய்த்து ஊறவைத்தேன்.

அம்மா வந்து பார்த்தாள். "என்னடி இது, அப்பளம் மாதிரி வாசனை வருது?"

"நிர்வாகம் பத்தி உனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

சனிக்கிழமை காலை. மணலில் வரிசையாக ஏழு பேர், ஏழு நாய், ஏழு வெள்ளை வார். கரையோரம் கம்பிக் கூண்டு வைத்த நாய் வண்டி, அதன் பக்கத்தில் நாய் பிடிக்கும் கோவிந்தன். கமிஷனர் ஜீப்பை மேலே ரோட்டிலேயே விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில் நடந்து வந்தார். மாலை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், எட்டாவது வாரை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, நாயைப் பின்னால் உட்காரவைத்து, எல்லோரும் கமிஷனரையே பார்த்து நிற்க வேண்டும் என்பது என் உத்தரவு. நின்றார்கள். நான் நாலு பக்கத்தையும் வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு குரைப்பு இல்லை. ஒரு முனகல் இல்லை. இரண்டாம் பக்கம் முடியும்போது கமிஷனர் இன்ஸ்பெக்டர் காதில், "பாருய்யா, தலை குனிஞ்சு கேக்குதுங்க. என்ன ஒரு டிசிப்ளின்!" என்றார். என் காதிலும் விழுந்தது. மூன்றாம் பக்கத்தை உணர்ச்சியோடு இன்னொரு தடவை வாசித்தேன்.

"இப்போது நாய்களை அவிழ்க்கலாம்!" என்று முடித்து, குனிந்து மணிக்கட்டைப் பார்த்தேன்.

ஒரு சாண் வார் இருந்தது. ஈரமாக, நுரையோடு, கொழகொழவென்று.

திரும்பிப் பார்த்தால் முதலியார் கையில் அரைச் சாண். கம்பவுண்டர் கையில் வளையம் மட்டும். ஏழு நாயும் நாக்கால் மீசையை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அவிழ்க்க ஒன்றுமே பாக்கியில்லை. பிறகு, யாரோ சொல்லிவைத்த மாதிரி, ஏழு தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து கமிஷனரின் கழுத்தைப் பார்த்தன.

"என்னம்மா, ஏன் இப்படிப் பாக்குதுங்க?" என்றார் அவர்.

பதில் சொல்ல நேரம் இல்லை. முதலில் துரை பாய்ந்தது. கமிஷனர் ஓடினார். அந்த உடம்பு அந்த மணலில் அவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பின்னால் ஏழு நாய், கடைசியில் பந்து மாதிரி உருண்டுகொண்டு லில்லி. "சார், அத்தக் கழட்டிப் போடுங்க சார்!" என்று நாங்கள் கத்தினோம், அவர் சட்டையைக் கழற்றச் சொல்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் வேகமாக ஓடினார். இன்ஸ்பெக்டர் எதிர்த்திசையில் ஓடியதை மட்டும் பார்த்தேன். அவரை அப்புறம் திங்கட்கிழமைதான் பார்த்தேன்.

ஆற்றில் ஒளிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கமிஷனர் நாய் வண்டிக்குள் தாவி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கூண்டுக்குள் நகராட்சி கமிஷனர். வெளியே ஏழு நாயும் சுதந்திரமாக. மேஜர் செத்தான், நானும் செத்தேன் என்றுதான் தோன்றியது.

"கோவிந்தா, தொறய்யா!"

கோவிந்தன் ஐம்பது அடி தள்ளி நின்றான். "அது வெளி தாப்பா சார், உள்ளேர்ந்து வராது."

"நீ வந்து தொறய்யா!"

"எல்லா நாய்க்கும் என் மூஞ்சி தெரியும் சார். நான் வர்ல."

வாரைக் கம்பி வழியாக வெளியே தள்ளப் பார்த்தார் கமிஷனர். பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியில் நீட்டிய நுனியைத் துரை பிடித்து இழுக்க, வண்டியே ஆடியது.

"ஏம்மா! கூப்பிட்டா வரும்னியே, கூப்பிடும்மா!"

"மேஜர்!" என்றேன். குரல் பாதிதான் வந்தது. "மேஜர், வாடா!"

மேஜர் திரும்பிப் பார்த்தான். ஒரு காது நின்றது, ஒரு காது மடங்கியது. வாரையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். பிறகு அத்தனை அப்பள வாசனையையும் விட்டுவிட்டு, ஓடி வந்து என் கால்மேல் உட்கார்ந்தான். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். மற்ற ஆறும் வரவில்லை. ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துத்தான் இழுத்து வந்தார்கள்.

கோவிந்தன் வந்து தாழ்ப்பாளைத் திறக்க, கமிஷனர் கீழே இறங்கினார். சட்டையெல்லாம் துருக்கறை. கோவிந்தனிடம், "இதுக்குள்ள ஒரு தடவைக்கு எத்தனை போடுவீங்க?" என்று கேட்டார்.

"பாஞ்சு, இருவது சார்."

அவர் கூண்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதே கோலத்தில் கம்பெனிக்குப் போய், அஷ்ரஃப் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் உப்பு மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். "சுண்ணாம்புத் தோல்ல வார் தெச்சியாம்மா? அது பசை காய்ச்சற சாமான்! நம்ம ஷாப்பு நாய்ங்கெல்லாம் அதத் தின்னுதான் வளருது! ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

கேட்டிருக்கலாம்.

கடலை எண்ணெயில் ஊறிய தோலைத் தின்ற ஏழு நாய்க்கும் மூன்று நாள் வயிறு நிற்கவில்லை. உரிமையாளர்கள் ஏழு பேரும் (என்னையும் சேர்த்துத்தான்) மனம் வெறுத்துப்போயிருந்தோம், மற்ற ஆறு பேரும் அள்ள வரவில்லை. ஆனால் ஐந்தாவது விதி என் வீட்டு வாசலில் காத்திருந்தது. வாளியும் முறமுமாக ஊரைச் சுற்றி வந்தேன். மெர்சி ஆன்ட்டி ஜன்னல் வழியாக, "செயலாளரே, இங்கயும் ஒரு இடம் பாக்கி," என்று கூப்பிடுவார்.

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. மூன்று மாதம் அனுமதி! கீழே கமிஷனர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'தோல் வார் கண்டிப்பாகக் கூடாது. இரும்புச் சங்கிலி மட்டுமே.' ஊரெல்லாம் தோல், உலகத்துக்கே தோல் அனுப்புகிறோம். எங்கள் ஊர் நாய்க்கு மட்டும் தோல் தடை. மூன்று மாதம் அப்படியே நீண்டு, மேஜர் கிழவனாகும் வரை தினமும் அக்கரையைத் தொட்டுவிட்டு வந்தான்.

மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். கமிஷனர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார், பத்திரிகை மட்டும் அனுப்பியிருந்தேன். சர்ச் ஹாலில் பரிசுகளைப் பிரித்தபோது அவரிடமிருந்து கனமான பார்சல் ஒன்று வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சுற்றி நிற்க, ஆசையாகப் பிரித்தேன். உள்ளே பளபளவென்று புது இரும்புச் சங்கிலி, கொக்கியோடு. சீட்டில், 'மணமக்கள் நீடூழி வாழ்க' என்று மட்டும் எழுதியிருந்தது.

என் மாமியார் சங்கிலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தன் மகனைப் பார்த்தார்.

"யாருக்கும்மா இது?" என்றார்.

அந்தச் சங்கிலி இன்றும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் எதற்கு என்று கேட்டால், என் கணவர் என்னைப் பதில் சொல்ல விடுவதே இல்லை. "எனக்குத்தான்," என்கிறார்.