மாமனார் வீட்டு ரவுட்டருக்கு வந்த மொட்டைக் கடுதாசி

ஒரு வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையாகப் போவதில் ஓர் ஆபத்து உண்டு. நாம் சொல்வதையெல்லாம் நம்பிவிடுவார்கள். தென்காசியில் என் மாமனார் வீட்டில் நான் ‘கம்ப்யூட்டர் தெரிந்த மாப்பிள்ளை’. (உரக்கடையில் பில் போடுவேன். அவ்வளவுதான் என் கம்ப்யூட்டர்.)

அந்த வருடம் குற்றாலத்தில் சீசன் தொடங்கிய சமயம், மாமா வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. நான் ஒரு வைஃபை பிரிண்டரை வாங்கிக்கொண்டு போய் வைத்தேன். மேலகரத்தில் என் வீட்டில் இருந்தபடி போனைத் தட்டினால் தென்காசியில் தாள் வந்து விழ வேண்டும். (யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.)

அதற்காக ரவுட்டரின் செட்டிங்கைத் திறந்தால் ஒரு கேள்வி: போர்ட்டுகளைத் தானாகத் திறக்கும் வசதி வேண்டுமா, வேண்டாமா? போர்ட் என்பது ரவுட்டரில் உள்ள வாசல் மாதிரி. ‘வேண்டும்’ என்றால், வீட்டிலுள்ள மெஷின்கள் தமக்கு வேண்டிய வாசலை நம்மைக் கேட்காமலே திறந்துகொள்ளும். அந்த வழியாக வெளியாளும் வரலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

என் மனைவி கோமதி எட்டிப் பார்த்தாள். “நம்மளக் கேக்காம தொறக்குமா? அப்ப வேண்டாம்னு குடுங்க.”

“வசதின்னுல்லா போட்டிருக்கு. கெடுதல்னா வசதின்னு போடுவானா?”

“தெரியாதத எதுக்குத் தொடுதிய?”

அந்த வார்த்தைதான் என்னை உசுப்பியது. காபி ஆறும்வரை யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, ‘வேண்டும்’ என்று அழுத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தியாள் செல்வியைப் பெண் பார்க்கக் கடையத்திலிருந்து வந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு நேராக வந்ததால் எல்லோர் தலையிலும் ஈரம். வேன் ஜன்னலெல்லாம் துண்டு. மாப்பிள்ளையின் அப்பா ரிட்டயர்டான போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். கேசரியை முடித்துவிட்டு, “பொண்ணு ஜாதகம் ஒரு காப்பி கெடைக்குமா?” என்றார்.

இதைவிட நல்ல மேடை எனக்கு எப்போது கிடைக்கும்? “ஒரு நிமிசம் அண்ணாச்சி” என்று உட்கார்ந்தபடியே போனைத் தட்டினேன். உள்ளறையில் பிரிண்டர் உறுமியது. ஓடிப்போய், விழுந்து கிடந்த இரண்டு தாள்களையும் பார்க்காமலே கொண்டுவந்து அவரிடம் நீட்டினேன்.

மேலே இருந்தது ஜாதகம் இல்லை. ஆங்கிலத்தில் ஏதோ. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழாக்கி, ஸ்டேஷன் குரலில் வாசித்தார்:

“‘உங்கள் வாசல் திறந்து கிடக்கிறது. முன்பின் தெரியாத நான் சுலபமாக உள்ளே வந்துவிட்டேன். எனக்கு முன்னாலும் பலர் வந்துபோயிருக்கலாம். உடனே மூடவும். இப்படிக்கு, நலம்விரும்பி.’”

மாமாவின் முகம் வெளிறிப்போனது. அத்தை கொல்லைக் கதவைச் சாத்த ஓடினார்.

“சர்வீஸ்ல எத்தனையோ மொட்டைக் கடுதாசி பாத்துட்டேன்,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக. “பொண்ணு வீட்டுக்காரவியளே பிரிண்ட் போட்டுக் குடுத்து இப்பதான் பாக்கேன்.”

ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமே என்று எனக்குக் காதெல்லாம் சூடானது.

பட்டுப்புடவையும் பூவுமாக உள்ளே இருந்த செல்வி எழுந்து வந்து தாளை வாங்கிப் படித்தாள். “மாமா, (மாப்பிள்ளையின் அப்பாவை அதற்குள் மாமா என்றே சொல்லிவிட்டாள்!) இது பிரிண்டருக்கு வந்த லெட்டர். நெட்ல தொறந்து கெடக்க பிரிண்டரத் தேடிப் பிடிச்சு யாரோ ஒரு நல்ல மனுசன் எச்சரிக்க அனுப்புதான்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அத்தான், ரவுட்டர்ல என்னத்தத் தொறந்து விட்டிய?”

“வசதின்னு போட்டிருந்துச்சு...”

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான், கேசரி புரையேறிவிட்டது. செல்வி அத்தனை பேர் முன்னாலேயே அந்த வசதியை நிறுத்தினாள். “ஏலே, இந்தப் புள்ளதான் நம்ம வீட்டுக்குச் சரி,” என்று பெரியவர் மகனிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அந்தத் தாளை லேமினேட் செய்து கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்தவர் அவர்தான். நான் கடையம் போனாலே, “நலம்விரும்பி வந்திருக்காவ, காப்பி போடுங்க!” என்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பார். அப்போதெல்லாம் கூச்சத்தில் நெளிவேன். அவர் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, குரல் வராதா என்று ஒரு நொடி நின்றுவிடுகிறேன்.

பெயர் மட்டும் போகவில்லை. போன மாதம் செல்வியின் மகள் பள்ளிக்காகக் குடும்பப் படம் ஒட்டிய சார்ட்டில், என் படத்துக்குக் கீழே ‘நலம்விரும்பி பெரியப்பா’ என்று எழுதியிருந்தாள். உண்மையான பெயரை எழுதும்படி டீச்சர் சொல்லியிருக்கிறார். “அதான் டீச்சர் அவங்க பேரு,” என்றாளாம்.